உயிரியல் பூங்காவில் பாப்புலேஷன் பயாலஜி கோடைப் பயிற்சி: ஸ்டட்புக்கில் 'தெரியாது' என்றால் 'காடு' அல்ல

பயிற்சி முடிந்த கையோடு, அடுத்த கோடைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். விலங்குகளின் வம்சத்தையும் எண்ணிக்கையையும் கணக்கிட்டு ஜோடிகளைப் பரிந்துரைக்கும் பிரிவு இது. இதில் கூண்டுப் பக்கம் வேலை குறைவு. 10 அல்லது 12 வாரமும் பெரும்பாலும் கணினி முன்னால்தான், அதிலும் பாதிக்கு மேல் ஸ்டட்புக்கை (ஒவ்வொரு விலங்கின் பிறப்பு, இறப்பு, பெற்றோர், இடமாற்றம் எழுதிய வம்சப் பதிவேட்டை) சரிபார்ப்பதிலேயே போய்விடும். முதல் வாரமே, அந்தப் பதிவேட்டிலிருந்து மரபியல் கணக்குப் போடும் பி.எம்.எக்ஸ். மென்பொருளைத் திறந்து அறிக்கை எடுத்தால், கடைசி வாரத்தில் எல்லாக் கணக்கையும் திரும்பப் போட வேண்டிவரும்.

விண்ணப்பத்தில் விலங்குகள் மீதான பாசத்தை ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தத் தரவைச் சுத்தம் செய்தீர்கள், என்ன பிழை கிடைத்தது, எப்படித் திருத்தினீர்கள் என்பதை எழுதுங்கள். ஆர் (R) நிரல்மொழியில் இரண்டு அட்டவணைகளை இணைக்கவும் தேதிகளைக் கழிக்கவும் தெரிந்தால் தொடங்குவதற்குப் போதும்.

இனி முக்கியமான விஷயம். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பெற்றோர் தெரியாத விலங்கும் காட்டிலிருந்து பிடித்துவந்த விலங்கும் ஒன்றல்ல. காட்டிலிருந்து வந்ததை ஃபவுண்டர் என்று கொள்கிறோம், அதாவது மற்ற எதோடும் உறவில்லாதது என்று. பெற்றோர் தெரியாதது யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம். பழைய பதிவுகளில் இந்த இரண்டையும் ஒரே குறியீட்டில் போட்டிருப்பார்கள்.

மூன்றே விலங்குகளை வைத்துக் கையால் போட்டுப் பாருங்கள். க, ச, ட மூன்றும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள், பெற்றோர் இறந்துவிட்டன. ஆனால் ட-வின் பெற்றோர் பதிவாகவில்லை, யாரோ 'காடு' என்று எழுதிவிட்டார்கள். இரண்டு விலங்குகள் மரபணுவில் எவ்வளவு நெருக்கம் என்பதே உறவளவு: தன்னோடு 0.5, உடன்பிறப்போடு 0.25, உறவில்லாததோடு 0. பதிவேட்டின்படி க, ச இரண்டுக்கும் சராசரி உறவளவு (0.5+0.25+0)/3 = 0.25. ட-வுக்கு 0.5/3 = 0.17. மூன்றின் சராசரி 0.22, ஆகவே மரபணுப் பன்மை (1-இலிருந்து அந்தச் சராசரியைக் கழித்தது) 0.78. உண்மையில் மூன்றுக்கும் 0.33, மரபணுப் பன்மை 0.67தான். அதைவிட மோசமானது, சராசரி உறவளவு குறைந்த விலங்குதான் இனப்பெருக்கப் பட்டியலில் முதலில் நிற்கும். ட-வை க-வோடு சேர்க்கச் சொல்லி அறிக்கை போகும். உட்கலப்பு (உறவுக்குள் சேர்வதன் அளவு) 0 என்று காட்டும் அந்த ஜோடியின் குட்டிக்கு உண்மையான அளவு 0.25, ஏனென்றால் அவை அண்ணன் தங்கை.

ஃபவுண்டர் எண்ணிக்கையை ஊதிப்பெருக்குவதால் இனத்துக்கு எந்த லாபமும் இல்லை. கருங்கால் ஃபெரெட்டில் (அழிவின் விளிம்புக்குப் போன, கீரி போன்ற வட அமெரிக்க விலங்கு) 1985 முதல் 1987 வரை கடைசியாகப் பிடித்தவை 18. அவற்றிலிருந்து பெருகிய வம்சத்துக்கு மரபணு தந்த ஃபவுண்டர்களாகக் கணக்கிடப்பட்டவை 7 மட்டுமே.

அப்படியானால் 'தெரியாது' என்று கிடப்பதை என்ன செய்வது? பிறந்த தேதியிலிருந்து கர்ப்பகாலத்தைக் கழியுங்கள். புலியானால் சுமார் 105 நாள். அந்த நாளில் தாய் இருந்த இடத்தில், இனப்பெருக்க வயதில் எந்த ஆண்கள் இருந்தன என்று இடமாற்றப் பதிவில் தேடுங்கள். ஒன்றுதான் இருந்தது என்றால் வேலை முடிந்தது. இரண்டு இருந்தால் ஆளுக்கு 50 சதவீதம் என்று நிகழ்தகவு கொடுங்கள். இந்த ஊகங்களை அசல் ஸ்டட்புக்கில் ஏற்றவே கூடாது. பகுப்பாய்வுக்கான தனிப் பிரதியில், காரணத்தோடும் தேதியோடும் வையுங்கள். பிறகு 'உறவு உண்டு', 'உறவு இல்லை' என்று இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். பரிந்துரைக்கும் ஜோடிகள் மாறாவிட்டால் அதோடு விட்டுவிடலாம். மாறினால் அந்த விலங்குக்கு டி.என்.ஏ. பரிசோதனை தேவை என்று எழுதுங்கள்.

சரிபார்க்கும்போது தவறாமல் பார்க்க வேண்டியவை:

- பிரசவத்தின்போது தாயின் வயது இனமுதிர்ச்சிக்குக் கீழே இருக்கிறதா
- தகப்பன் கருத்தரிப்புக்கு முன்பே இறந்ததாகப் பதிவாகியிருக்கிறதா
- ஒரே விலங்கு இடம் மாறியபோது புது எண்ணில் இரண்டாம் முறை ஏறியிருக்கிறதா (பிறந்த தேதியும் பாலினமும் ஒத்துவந்தால் சந்தேகப்படுங்கள்)
- நாளும் மாதமும் இடம் மாறிய தேதிகள்: 03/07, 07/03
- ஜனவரி 1 என்ற பிறந்த தேதி. அளவுக்கு மிஞ்சி வந்தால் அது ஆண்டு மட்டும் தெரிந்த ஊகத் தேதி
- முதல் 30 நாளில் இறந்த குட்டிகள் பதிவாகியிருக்கின்றனவா. பெயர் வைக்கும் முன்பே இறந்தவை பழைய ஏடுகளில் விட்டுப்போகும். விட்டுப்போனால் குட்டி இறப்பு விகிதம் பொய்யாகக் குறையும்

ஆயுள் கணக்கில் ஒரே எச்சரிக்கை: இறந்தவற்றின் வயதை மட்டும் சராசரி எடுக்காதீர்கள். ஐந்து விலங்குகளில் மூன்று 2, 4, 6 வயதில் இறந்தன, இரண்டு 10, 12 வயதில் உயிரோடு இருக்கின்றன என்று வையுங்கள். இறந்தவற்றின் சராசரி 4. உயிரோடிருப்பவற்றையும் 'இறந்த வயது இன்னும் தெரியாதவை' என்று சேர்த்து, அதற்கென்றே உள்ள காப்லான்-மையர் என்ற புள்ளியியல் முறையில் போட்டால் உயிர்பிழைப்பு 0.8, 0.6, 0.4 என்று இறங்கும். இடைநிலை ஆயுள் (உயிர்பிழைப்பு பாதிக்குக் கீழே இறங்கும் வயது) 6. அந்த 4-ஐ நம்பினால், நல்ல திடத்தோடு இருக்கும் 5 வயது விலங்கைக் கிழம் என்று ஒதுக்கிவிடுவார்கள். முதிய வயதுகளில் எண்ணிக்கை 30-க்குக் கீழே இறங்கும் இடத்தை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள், அதற்கப்பால் வளைவு ஒரே ஒரு சாவுக்கும் துள்ளும்.

விலங்குத் தொகையின் எதிர்காலத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வோர்டெக்ஸ் மென்பொருளைக் கற்பது கடினமல்ல. ஒரு நேரத்தில் ஒரே ஒரு உள்ளீட்டை மாற்றுங்கள், ஒவ்வொரு சூழலையும் 500 முறையாவது ஓட்டுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் விளைவு எதனால் வந்தது என்று உங்களுக்கே சொல்லத் தெரியாது.

ஜோடிப் பட்டியல் தயாரானதும் பராமரிப்பாளர்களிடம் கொண்டுபோங்கள். எண்ணில் அழகாகப் பொருந்தும் பெண், பக்கத்துக் கூண்டு ஆணைக் கண்டாலே பாய்வதாக இருக்கும். இரண்டு பிரசவம் சிக்கலாகி இனி சினை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். இது எந்தக் கோப்பிலும் கிடைக்காது. ஒவ்வொரு ஜோடிக்கும் பக்கத்தில் இரண்டாவது தேர்வையும் எழுதிக்கொண்டு போனால் பேச்சு அங்கேயே முடியும்.

கடைசி நாள் விளக்கவுரைக்கு 15 நிமிடம் கிடைத்தால் ஐந்தை ஊகங்களுக்கு ஒதுக்குங்கள். ஒப்படைக்கும் கோப்புறையில் அசல் ஸ்டட்புக், பகுப்பாய்வுப் பிரதி, மாற்றங்களின் பட்டியல் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். அடுத்த ஆண்டு வருபவர் முதலில் திறக்கப்போவது அந்தப் பட்டியலைத்தான்.