இறுக்கினால் நிற்கிற கசிவு

"நீ மாட்டுன பைப்புதானே தம்பி, உனக்கே நம்பிக்கை இல்லையா?" ஸ்கூல் வேன் டிரைவர் கேட்டது இவ்வளவுதான். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு மறந்திருப்பேன்.

பின்பக்க பிரேக் பைப் துருப்பிடித்திருந்தது. புதுப் பைப்பை வெட்டி, பிசிறு எடுத்து, இரண்டு முனைக்கும் டபுள் ஃபிளேர் போட்டு, அதாவது வாயை விரித்து உள்பக்கமாக மடக்கி, நான்தான் மாட்டினேன். பைப்புக்குள் இருந்த ஏரை எடுத்ததும் பெடல் நன்றாகவே நின்றது. பையனை பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நட்டைத் துடைத்து டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் பக்கத்து நட்டில் பேப்பர் நனைந்தது. சொட்டவில்லை, ஈரம் மட்டும். ஸ்பேனரை லேசாக ஒரு தள்ளு. நின்றுவிட்டது.

"நின்னுருச்சுல்ல, சாவியைக் குடு. ஸ்கூல் விடுற நேரம்."

"இல்லண்ணே, கழட்டி வேற ஃபிளேர் போட்டுத் தர்றேன்."

டெஃப்லான் டேப் சுற்றிவிடேன் என்றார். அந்த நட்டில் மரை ஆயிலை நிறுத்துவதில்லை. பைப்பின் விரிந்த வாய், உள்ளே அது உட்காருகிற சீட்டில் பதிந்துதான் நிறுத்த வேண்டும், டேப் சுற்றிப் பயனில்லை என்று விளக்கினேன். அதற்கப்புறம்தான் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டார்.

"நான் மாட்டுனதாலதாண்ணே நம்பிக்கை இல்ல" என்றேன். அப்போது சரியான பதிலாகத்தான் பட்டது. வேறு ஒருத்தர் வேலை கசிந்தால், அவசரத்தில் செய்திருப்பார் என்று ஒரு காரணம் கிடைத்துவிடும். இதில் எல்லாவற்றையும் முறையாகச் செய்தவன் நான். அப்படியும் கசிந்தால் என்னவென்று நினைப்பது? டயரில் இருப்பது 30 பி.எஸ்.ஐ. காற்று. ஓங்கி மிதித்தால் பிரேக் பைப்புக்குள் 1000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். காரணம் தெரியாமல் நின்ற கசிவை நம்பி எப்படிப் பிள்ளைகளை ஏற்றுவது?

ஆனால் அவர் பக்கமும் இருக்கிறது. அன்றைக்கு மாற்று வேனுக்கு அவர் கைக்காசு போனது. பெற்றோர்களிடம் பேச்சு வாங்கியதும் அவர்தான். வேனில் பிரேக் ஆயில் போகிற சர்க்யூட் இரண்டு, ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும் என்று முதலாளி சொன்னதும் பொய்யில்லை.

வெட்டி எடுத்த ஃபிளேரின் வாயில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி யோசித்தால், அந்தக் கோடு நான் இறுக்கியபோதே விழுந்திருக்கலாம். புது ஃபிளேர் முதல் இறுக்கில் சரியாக உட்காராமல், இரண்டாவது இறுக்கில் உட்கார்வது சாதாரணம். அப்படியானால் அந்த வண்டியை அப்படியே அனுப்பியிருக்கலாம். புதுசாகப் போட்டதில் பேப்பர் நனையவில்லை. அதனால் பழையது கெட்டது என்று ஆகிவிடுமா?

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேன் மட்டும் இல்லை. போன வாரம் ஒரு பைக். முன் டிஸ்க் பிரேக்கில் ஆயில் ஹோஸைப் பிடித்திருக்கும் பாஞ்சோ போல்ட்டில் இதே மாதிரி ஈரம். செப்பு வாஷர் புதுசு, மாட்டியது நான். கொஞ்சம் இறுக்கினேன், நின்றது, சாவியைக் கொடுத்துவிட்டேன். முன் சக்கரத்துக்கு அந்த ஒரே லைன்தான், வேனில் இருந்த அந்த இரண்டாவது சர்க்யூட்கூடக் கிடையாது. பிள்ளைகள் ஏறாத வண்டி என்று விட்டேனா, இன்னொருத்தரிடம் அதே பேச்சைக் கேட்க வேண்டாம் என்று விட்டேனா?

நாளைக்குக் கூப்பிட்டு வாஷரை மாற்றித் தருகிறேன் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். காசு வாங்கப் போவதில்லை. வருவாரா என்பது வேறு விஷயம்.