பழைய ஷெவர்லே லாரிக்கு ஹெட்டர் பூட்டியது

நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலத்தில் தாத்தா வாங்கி, குலசேகரம் பகுதியில் பல ஆண்டுகள் மரத்தடி சுமந்த ஷெவர்லே லாரி இன்றும் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. பம்பாயில் 1928 முதல் 1954 வரை இயங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பூட்டப்பட்ட வண்டி அது. அதன் 235 கன அங்குல, ஆறு சிலிண்டர் எஞ்சினில், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாயான புகை மேனிஃபோல்டின் நடுப்பகுதி வெடித்துவிட்டது. வார்ப்பிரும்பை ஒட்டவைத்து இருமுறை ஏமாந்த பிறகே, அதற்குப் பதிலாக எஃகுக் குழாய்களை வளைத்து வெல்டிங் செய்த ஹெட்டர் பூட்டலாம் என்று முடிவு செய்தேன்.

இந்த எஞ்சினில் ஆறு சிலிண்டர்களின் புகையும் நான்கே வாய்கள் வழியாக வெளியேறுகிறது. முதல் சிலிண்டருக்கும் ஆறாவதற்கும் தனித்தனி வாய். இரண்டும் மூன்றும் ஒரு வாயையும், நான்கும் ஐந்தும் ஒரு வாயையும் பகிர்ந்துகொள்கின்றன. சிலிண்டர்களில் பெட்ரோல் எரியும் வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்றையும் பின் மூன்றையும் தனித்தனிக் குழாய்களாகப் பிரித்தால், ஒவ்வொரு பாதியிலும் எஞ்சின் தண்டு 240 டிகிரி சுழல்வதற்கு ஒருமுறை சீராகப் புகை தள்ளப்படும். ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் வழியை மறிக்காது. நீளமான ஒற்றை மேனிஃபோல்டு சூட்டில் நீண்டு சுருங்கி வெடிப்பதற்கும் இப்பிரிப்பு நல்ல மருந்து. அதனால் இரட்டை ஹெட்டர்தான் வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

குழாயின் அகலத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சுமை இழுக்கும் லாரிக்குக் குறைந்த சுற்றில் இழுவை வேண்டும். குழாய் பெரிதானால் புகையின் வேகம் குறைந்து அந்த இழுவைதான் முதலில் போகும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம் என்று நான் உறுதியாக இருந்தேன். அமெரிக்காவில் விற்கும் ஹெட்டர்கள் இடப்பக்க ஸ்டியரிங்கைத் தவிர்த்து வளைபவை. நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் மேனிஃபோல்டு இருக்கும் இடப்பக்கம் காலியாக இருப்பதால், குழாயை நேராக இறக்க முடிந்தது.

குளச்சலில் மீன்பிடிப் படகுகளுக்கு வேலை செய்யும் ஒரு பட்டறையில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில், ஆர்கன் வெல்டிங்கில் செய்யக் கொடுத்தேன். உப்புக் காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள இடத்தில் சாதாரண இரும்புக் குழாயை நான் நம்பமாட்டேன். சூட்டை அடக்கக் குழாயின்மேல் துணி நாடா சுற்றுவதும் இங்கே கூடாது. நாடா ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளேயே அரிக்கவிடும். ஆனால் 304 எஃகு ஒரு மீட்டருக்கு, 100 டிகிரி சூட்டில், ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர் நீளும். சாதாரண இரும்பு 1.2 மில்லிமீட்டர்தான். அதனால் எஞ்சினோடு பூட்டும் ஓரத் துளைகளைச் சற்று நீள்வட்டமாக அரத்தால் விரித்தோம்.

இத்தனை யோசித்தும் முதல் முறை பூட்டியபோது எஞ்சின் சீராக நிற்கவில்லை. விசில் சத்தமும் வந்தது. இணைப்பில் நான் எண்ணெய் சொட்டவிட்டபோது சுற்று சீரானது, ஆகவே ஓட்டை காற்று உள்ளே போகும் பக்கம். காரணம் பிளேஞ்சின், அதாவது ஹெட்டரை எஞ்சினோடு பொருத்தும் தட்டையான தகட்டின், தடிமன். இந்த எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் உள்வாங்கும் மேனிஃபோல்டையும் புகை மேனிஃபோல்டையும் ஒரே ஸ்டட்டில் (மரையுள்ள கம்பியில்) உள்ள ஒரே கிளாம்ப்தான் பிடிக்கிறது. புதிய பிளேஞ்ச் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் கனமாக இருந்ததால், கிளாம்ப் சரிந்து அதை மட்டும் அழுத்தி, மற்றதைத் தளர்வாக விட்டிருந்தது. வெல்டிங் சூட்டில் பிளேஞ்ச் வளைந்தும் இருந்தது. “அண்ணாச்சி, ரெண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே மட்டமா அரைச்சுத் தாங்க” என்று நாகர்கோவிலில் லேத் பட்டறைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். ஹெட்டர், உள்வாங்கும் மேனிஃபோல்டு இரண்டின் முகங்களையும் ஒரே மட்டமாக அரைத்து, கிளாம்ப் படியும் பக்கத்தையும் சமப்படுத்திக் கொடுத்தார். ஹெட்டர் வாங்குபவர் குழாயின் அழகைப் பார்ப்பதற்கு முன் பிளேஞ்சை அளக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உள்வாங்கும் மேனிஃபோல்டின் அடியில், பெட்ரோலை ஆவியாக்கப் புகையின் சூட்டைத் தரும் திறப்பு ஒன்று உண்டு. பழைய மேனிஃபோல்டு போனதும் அதைத் தகடால் மூடினோம். குளிர்நாடுகளில் இதற்கு வெந்நீர்ச் சூடு தருவார்கள்; நமக்கு அது தேவைப்படவில்லை. ஆனி மழையில், காலையில் மட்டும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக்கைச் சற்று அதிக நேரம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் நாள் எஞ்சினைச் சூடாக்கி, முழுதும் ஆறவிட்டு நட்டுகளை மீண்டும் இறுக்கினேன். பேச்சிப்பாறை வரை ஏற்றத்தில் ஓட்டிவந்து ஆறிய பிறகு பார்த்தால், நடு நட்டுகள் இரண்டு இன்னும் கால் சுற்று ஏறின. அடுத்த வாரம் பார்த்தபோது எதுவும் அசையவில்லை.