தலைக்குக் குளித்த கணக்கு

ஜூன் 3, 2025, செவ்வாய்

அடுத்த செவ்வாய் டாக்டரைப் பார்க்க வேண்டும். போன தடவை "கொஞ்சம் அதிகமாப் போகுது" என்றேன், டானிக் எழுதி அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் என்று சொன்னது நான்தானே. இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வேறென்ன வாயில் வரும்?

சமையலறைக் காலண்டரைப் புரட்டினேன். சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வராத நாள் எல்லாம் இருக்கிறது. என் மாதவிலக்குத் தேதி மட்டும் இல்லை.

ஜூன் 4

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று தலைக்குக் குளித்துவிட்டும் வைகைப் பக்கம் போக முடியாமல் வீட்டிலேயே கிடந்தேன். அது மே 12. நாங்கள் குளிப்பது மூன்றாம் நாள். டாக்டருக்கு வேண்டியதோ ரத்தம் பட்ட முதல் நாள். அப்படியென்றால் மே 10. இத்தனை வருஷம் இரண்டு நாள் தள்ளியே சொல்லியிருக்கிறேன். நின்றது 19-ஆம் தேதி. பத்து நாள்!

ஜூன் 6

நேற்றே ஆரம்பித்துவிட்டது, 26 நாளில். இன்று காலை ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். ரத்தக் கட்டி ஐந்து ரூபாய்க் காசு அளவு. ராத்திரி இரண்டு தடவை எழுந்து மாற்றினேன். எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். உதிரத்தோடே வரலாமா என்று போனில் கேட்டேன். "வாங்கம்மா" என்றார் நர்ஸ்.

ஜூன் 8

அக்கா போன். "பிள்ளை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுரு." அவளுக்கு எல்லாமே அறுபது நிமிஷ வேலை.

பழைய ஸ்கேனில் ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைக் கட்டி, 4.2 செ.மீ. புற்று இல்லை. ஹீமோகுளோபின் 8.6, பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். இரும்பு மாத்திரையை இரண்டு மாதமாகக் காபி குடித்த கையோடு போட்டிருக்கிறேன், உடம்பில் எங்கே சேரும்?

கேட்க வேண்டியது: கட்டி உள்சுவரை ஒட்டியிருக்கிறதா? அங்கே என்றால் சின்னதுகூட இப்படிப் படுத்துமாம். எனக்கு 46. மாதவிலக்கு நின்றால் பெரும்பாலும் சுருங்கிவிடும் என்கிறார்களே, அதுவரை மாத்திரையிலோ உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனத்திலோ ஓட்ட முடியுமா?

ஜூன் 10, காலை

"நீங்க வெளியில இருங்க" என்றேன். இவர் முகத்தில் நிம்மதிதான்.

ஸ்கேனுக்காக ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தாயிற்று. என் டோக்கன் 9. இப்போது உள்ளே போயிருப்பது 4. காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.