சின்னவனும் பாண்டி பஸ்ஸும்

என் பையன் சின்னவனைப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் நோயிலேர்ந்துதான் ஆரம்பிக்கிறாங்க. முதல் தெவசத்துக்கு வந்த சொந்தக்காரங்களும் அதேதான், எவ்ளோ கஷ்டப்பட்டானோ, எப்படி இளைச்சுப் போயிட்டான், கடைசியில பேசினானா, இப்படியே. பதினேழு வயசு வரைக்கும் இருந்தான்ங்க அவன். அதுல நோய் ஒண்ணரை வருஷம்கூட முழுசா இல்ல. மிச்சம் அத்தனை வருஷமும் பஸ்ஸுதான்.

ஆமா பஸ்ஸு, சிரிக்காதீங்க. சில புள்ளைங்களுக்கு கிரிக்கெட், சில புள்ளைங்களுக்கு சினிமா, எங்க வீட்டு சின்னவனுக்கு பஸ்ஸு. எங்க வீடு திருப்பாதிரிப்புலியூர்ல, கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போற தூரம்தான், கைக்குழந்தையா இருக்கறப்போ அழுகைய நிறுத்தலைன்னா அவங்க அம்மா தூக்கிட்டுப் போயி பஸ் வெளிய வர்ற எடத்துல நிப்பா, கப்புன்னு அடங்கிடுவான். பேச்சு வந்தப்போ அம்மா அப்பாவுக்கு அடுத்து அவன் சொன்னது "பாண்டி பாண்டி பாண்டி", கண்டக்டருங்க கூவுற அதே ராகத்துல. தானே புயல் அடிச்சது 2011 டிசம்பர் 30, அவனுக்கு நாலு வயசு. விடியக்காலைல அடிச்ச காத்துல ஊரே தலைகீழா கெடக்கு, கரண்டு கம்பமெல்லாம் படுத்துடுச்சு, நாங்க ஓட்டை எங்க பொறுக்கறதுன்னு நிக்கிறோம், இவன் ரோடு பூரா மரம் விழுந்து பஸ் ஓடலைன்னு அழுவுறான்.

கொஞ்சம் பெரிசானதும் சத்தத்தை வச்சே சொல்லுவான், இது லேலண்டு, இது டாடான்னு, வீட்டுக்குள்ள சாப்ட்டுக்கிட்டே. நோட்டு நோட்டா வரைஞ்சு வச்சிருக்கான், சும்மா முன்னாடி ரெண்டு லைட்டு போட்டு வரையறது இல்ல, சைடுல எத்தனை ஜன்னல், படிக்கட்டு எங்க, எந்த டெப்போ வண்டி, பாடி கரூர்ல கட்டினதா எல்லாம் எழுதியிருக்கும். கணக்குல முப்பத்தஞ்சு தாண்டவே முக்குவான் ஆனா கடலூர்லேர்ந்து சிதம்பரத்துக்கும் பண்ருட்டிக்கும் எந்த வண்டி எத்தனை மணிக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். பழைய கவர்மெண்ட் பஸ்ஸைப் புதுப்பிச்சு மஞ்ச கலர் அடிச்சு 2023ல விட்டாங்கல்ல, அது அவனுக்குப் புடிக்கவே இல்ல, எனக்கு என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு, அதுக்கு ரெண்டு நாள் என்கூட சண்டை.

பரீட்சை லீவு விட்டா எங்கயாவது கூட்டிட்டுப் போப்பான்னு நிப்பான், எங்கயாவதுன்னா கோயிலோ சில்வர் பீச்சோ இல்ல, பஸ்ல ஏறணும் அவ்ளோதான். குறிஞ்சிப்பாடி வடலூர் நெய்வேலி வழியா விருத்தாசலம் போவோம், எறங்கி ஒரு டீ குடிப்போம், அதே வழியா திரும்பி வருவோம். அவங்க அக்கா கேப்பா, விருத்தாசலத்துல என்னா பார்த்தீங்கன்னு. பஸ் ஸ்டாண்டு பார்த்தோம்னு சொல்லுவோம்.

பத்தாவது படிக்கறப்போ வலது காலு முட்டிக்கு மேல வலின்னான். விளையாட்டுல பட்டிருக்கும்னு மொதல்ல காட்டின எடத்துல களிம்பும் மாத்திரையும் குடுத்தாங்க, ராத்திரியில வலி ஜாஸ்தியாச்சு, வீங்குச்சு, எக்ஸ்ரே எடுத்தப்புறம்தான் வேற பேச்சு ஆரம்பிச்சுது. ஆஸ்டியோசர்கோமா. எலும்புல வர்ற புற்றுநோய், வளர்ற வயசுப் பசங்களுக்கு முட்டியைச் சுத்திதான் ரொம்ப வருமாம். ஒருத்தர் கண்ணு பட்டுச்சுன்னாரு, ஒருத்தர் தண்ணி சரியில்லைன்னாரு, ஒருத்தர் செல்போனுன்னாரு. பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, பெரும்பாலும் இதுக்கு இதுதான் காரணம்னு கை காட்ட முடியாதுங்க, நீங்க யாரும் எதுவும் பண்ணிடலைன்னு. அந்த டாக்டருக்கு நான் இன்னைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

கீமோ மருந்து ஏத்த, ஜிப்மர் இருக்கற கோரிமேடு போகணும். ரத்தத்துல வெள்ளை அணு கொறஞ்சு போற நேரம், கூட்டத்துல போனா ஏதாவது தொத்திக்கும், கார் வச்சுக்கோன்னு எல்லாரும் சொன்னாங்க. அவன் முடியாதுன்னுட்டான். கடைசியில டாக்டரைக் கேட்டு ஒரு ஒப்பந்தம் போட்டோம், ரிப்போர்ட் நல்லா இருந்தா போறப்போ காலைல மொத பஸ்ஸு, கூட்டம் இருக்காது, மாஸ்க் போட்டுக்கணும், ஊசி முடிஞ்சு வர்றப்போ காரு. டிரைவருக்கு எடது பக்கம் மொத சீட்டு, காலை நீட்டி வச்சுப்பான். ஆல்பேட்டை தாண்டி பெண்ணையாத்துப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை வந்தா வரிசையா பிராந்திக் கடை, "பாண்டி வந்துடுச்சுப்பா எறங்குறியா"ன்னு என்னையக் கிண்டல் பண்ணுவான், நான் குடிக்கவே மாட்டேன்னு தெரிஞ்சும். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், நோணாங்குப்பம் பாலம், அரியாங்குப்பம். பாண்டி பஸ் ஸ்டாண்டுல எறங்கி கோரிமேட்டுக்கு வேற வண்டி. வாந்தியும் வாய்ப்புண்ணும் காத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சே ஒரு புள்ள ஜன்னலோரம் சந்தோஷமா உக்காந்து வருமா, இவன் வருவான்.

ஆபரேஷன்ல காலை எடுக்கல. கட்டி இருந்த எலும்பை மட்டும் எடுத்துட்டு உலோகத்துல மூட்டு வச்சாங்க. மயக்கம் தெளிஞ்சதும் "கியர்பாக்ஸ் மாத்தியாச்சா"ன்னு கேட்டான், பக்கத்து பெட்டுக்காரம்மா ஒண்ணும் புரியாம என்னையப் பார்த்தாங்க.

எனக்கு இன்னும் தொண்டைய அடைக்கறது வேற ஒண்ணு. சிஸ்பிளாட்டின்னு ஒரு மருந்து, அது காதைக் கெடுக்கும், அதுலயும் கீச்சு சத்தம்தான் மொதல்ல கேக்காமப் போகும்னு முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. ஒருநாள் கிருமாம்பாக்கத்துல வண்டி கெளம்புது, "என்னாப்பா, கண்டக்டர் விசிலே அடிக்கல, இவரு எடுத்துட்டாரு"ன்னான். விசில் என் காதுல நல்லாவே கேட்டுச்சு. நான் என்னா சொல்றதுன்னு முழிக்கறதுக்குள்ள அவனே புரிஞ்சுக்கிட்டான். கொஞ்ச நேரம் வெளிய பார்த்துட்டு, "எஞ்சின் கேக்குதுப்பா, விசில் போனா போவுது"ன்னான். அதுக்கப்புறம் கண்டக்டர் வாயைப் பார்த்து விசில் அடிக்கிறதக் கண்டுபிடிக்கப் பழகிக்கிட்டான், அதையும் ஒரு விளையாட்டு ஆக்கிக்கிட்டான்.

நுரையீரலுக்குப் போயிடுச்சு. அதப் பத்தி எழுத வரல, எழுதவும் வேணாம். வலிக்கு மார்ஃபின் குடுத்தாங்க, வீட்லதான் இருந்தான், நாங்க எல்லாரும் கூட இருந்தோம்.

சாவுக்கு எங்க தெருவுல காக்கிச் சட்டையா வந்து நின்னாங்க, கவர்மெண்டும் பிரைவேட்டும், எனக்கு அதுல பாதிப் பேரைத் தெரியாது. ஒரு சிதம்பரம் வண்டி டிரைவர்தான் சொன்னாரு, ஸ்கூல் விட்டு வந்து இவன் பஸ் ஸ்டாண்டுலயே ஒரு மணி நேரம் நிப்பானாம், ஊர்லேர்ந்து வந்த கெழவிங்க போர்டு படிக்கத் தெரியாம முழிச்சா பையை வாங்கிக்கிட்டு வண்டி வரைக்கும் கொண்டு போயி ஏத்தி விடுவானாம். "சார், புது கண்டக்டர் பசங்க எங்களைக் கேக்க மாட்டானுங்க, தம்பியைத்தான் டைம் கேப்பானுங்க." எங்களுக்கு டியூஷன் போறேன்னு சொல்லிட்டுப் போனவன். அந்த நேரத்துலயும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, டியூஷன் பீஸ் மாசாமாசம் கட்டியிருக்கேனே.

இந்த மாதிரி எனக்குத் தெரியாத கதை இன்னும் யாருகிட்டயாவது இருக்கும். கடலூர் பாண்டி ரூட்ல வண்டி ஓட்டுறவங்க, கண்டக்டருங்க, தெனம் அதுல வேலைக்குப் போறவங்க யாராவது இதப் படிச்சா, வலது காலு தாங்கித் தாங்கி நடந்து மொத சீட்டு கேட்ட பையனை ஞாபகம் இருந்தா சொல்லுங்க. அவங்க அக்கா நோட்டையெல்லாம் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கா, பஸ் பைத்தியம் புடிச்ச தம்பிங்க யாருக்காவது பார்க்கணும்னா வீட்டுக்கு வாங்க, உக்காந்து எவ்ளோ நேரம் வேணாலும் பாருங்க. நோட்டை வெளிய எடுத்துட்டுப் போக மட்டும் கேக்காதீங்க, அவங்க அம்மா விட மாட்டா.