கொடைக்கானலில் சுற்றிப் பார்க்க ஒரு முதுகுப்பை

கொடைக்கானலுக்குச் செல்பவர்கள் பெரிய பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டு, பகலில் சுற்றிப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு சிறிய முதுகுப்பையை எடுத்துச் செல்வது நல்லது. 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு போதும். அதைவிடப் பெரிதானால், தேவையற்ற பொருள்களையும் திணிக்கத் தோன்றும்.

ஒரு தோளில் மட்டும் தொங்கும் பையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கும் பாதையில் பல இடங்களில் மரவேர்களைப் பிடித்தும் மிதித்தும் செல்ல வேண்டியிருப்பதால், இரண்டு கைகளும் பிடிமானத்துக்குத் தேவைப்படும்.

ஜிப் வைத்து முழுமையாக மூடக்கூடிய பையாக இருப்பது அதைவிட முக்கியம். தூண்பாறை, குணா குகைப் பக்கங்களில் திரியும் குரங்குகள், சலசலக்கும் பாலித்தீன் உறையைக் கண்டாலே அதில் தின்பண்டம் இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகின்றன. (மாத்திரை உறைக்கும் இதே கதிதான்.) வாழைப்பழத்தைப் பக்கவாட்டு வலைப்பையில் வைப்பது அவற்றுக்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

குடிநீருக்கு எவர்சில்வர் பாட்டிலே சிறந்தது. சிறிய பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மலையில் கட்டுப்பாடு உள்ளது.

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே பனிமூட்டம் ஏறி வந்துவிடும் என்பதால், ஸ்வெட்டரைப் பையின் அடியில் புதைக்காமல் மேலே வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பைக்கு மழையுறையும், சோலைக்காட்டு ஓரங்களில் அட்டைகள் ஏறினால் தடவுவதற்குச் சிறு பொட்டலம் உப்பும் தேவை. குடையை விட மழைக்கோட்டு மேல். மலைக்காற்று குடையை எளிதில் மடக்கிவிடும்.