ஆல்புமின் கசிவதற்கு முன்

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் சர்க்கரை நோயாளிகள் பலர், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.0 என்று வந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் வடிகட்டும் திறனில் ஏறத்தாழப் பாதி போகும் வரைகூட அந்த எண் இயல்பு வரம்புக்குள்ளேயே நிற்கக்கூடும். அதே அறிக்கையில், சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையின் கீழ் ‘ஆல்புமின்: நில்’ (இரத்தப் புரதமான ஆல்புமின் சிறுநீரில் இல்லை) என்று அச்சாகியிருப்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது, சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் அந்தப் பட்டை, தொடக்கத்தில் கசியும் மிகச் சிறிய அளவைப் பெரும்பாலும் காட்டாது.

அதைக் காட்டுவது சிறுநீரிலுள்ள ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 முதல் 300 மில்லிகிராம் வரை ஆல்புமின் என்பது இன்றைய அளவுகோல்; இப்படிச் சிறிய அளவில் ஆல்புமின் வெளியேறுவது பின்னாளைய பாதிப்புக்கு முன்னறிகுறி என்பதை 1982இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் வைபர்ட்டி குழுவினரும், 1984இல் டென்மார்க்கின் மோகன்சனும் எடுத்துக்காட்டினர். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் செய்த கடும் உடற்பயிற்சி ஆகியவையும் இந்த விகிதத்தை உயர்த்திவிடும் என்பதால், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் குறைந்தது இரண்டில் உயர்ந்திருந்தால்தான் முடிவுக்கு வர வேண்டும். ஆல்புமின் கசியாமலேயே வடிகட்டும் திறன் குறைந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் புதிய உயிர்க்குறியீடுகளை, அதாவது நோயை முன்கூட்டியே காட்டும் பொருள்களை, ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். சிறுநீரக நுண்குழல்கள் காயமுறும்போது சிறுநீரில் தென்படும் கிம்-1 என்ற புரதம், அழற்சியோடு தொடர்புடைய, இரத்தத்தில் சுற்றும் டிஎன்எஃப் ஏற்பி 1, 2 என்ற புரதங்கள் ஆகியவை அவற்றுள் சில. என்னை அதிகம் கவர்ந்தது, சிறுநீரிலுள்ள 273 பெப்டைடுகளை (புரதத் துணுக்குகளை) ஒருசேர அளக்கும் சிகேடி273 என்ற சோதனை. 2020இல் வெளியான பிரயாரிட்டி ஆய்வில், ஆல்புமின் இயல்பாக இருந்த 1,775 இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளை அது ஐரோப்பாவில் ஆபத்தின்படி பிரித்தது. அதிக ஆபத்து என்று பிரிக்கப்பட்டவர்களில் 28 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 9 சதவீதத்தினருக்கும் பின்னர் ஆல்புமின் கசிந்தது. கணிப்பு பலித்தது, ஆனால் ஆபத்து அதிகமிருந்தவர்களுக்குக் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்து அந்தக் கசிவைத் தடுக்கவில்லை. முன்கூட்டியே அறிந்து கொடுத்த மருந்து பலனளிக்காத நிலையில், இப்படியொரு விலையுயர்ந்த சோதனையை எல்லோருக்கும் எழுதிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாம் வகை நோயாளிகள் நோய் கண்டறிந்த உடனேயும், முதல் வகையினர் ஐந்து ஆண்டுகள் கழித்தும், பிறகு ஆண்டுதோறும், ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரே சிறந்தது.