அடுக்களை ஜன்னலில் புள்ளி வைத்த தொட்டிகள்

18 ஜனவரி 2025, சனி

பொங்கல் முடிந்த கையோடு பானை வியாபாரிகள் மிச்சச் சரக்கை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள் என்பதால், அடுக்களை ஜன்னலில் மூலிகை வைப்பதற்கான மண்தொட்டிகளை இந்த வாரமே வாங்கிவிட்டேன். மானாமதுரையிலிருந்து வண்டியில் ஏற்றி வந்து மதுரையில் சாலையோரம் அடுக்கியிருந்தார்கள். கடத்துக்குப் பெயர்போன அந்த ஊரின் மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக் கணீரென்று ஒலித்தவற்றை மட்டும் எடுத்தேன். கீறல் விட்ட தொட்டி மந்தமாகத்தான் ஒலிக்கும். அடியில் துளை இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும், சுட்ட மண்ணில் பிறகு துளை போடுவது பெரும்பாடு.

பல வீடுகளைப் போல எங்கள் அடுக்களையும் அக்கினி மூலையில் இருக்கிறது. ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலையில் நான்கு மணி நேரம் நேர் வெயில் விழும், அதன்பின் வெளிச்சம் மட்டுமே. இலைக்காக வளர்ப்பவற்றுக்கு அது போதும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் போதாது. ஆகவே கொத்தமல்லி, புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை, அகன்ற தட்டு ஒன்றில் வெந்தயம் என்று முடிவு செய்தேன். கறிவேப்பிலை மரமாகும் இனம். ஜன்னல் திண்டில் அதைக் குறுக்கி வைப்பதை விடக் கொல்லையில் விடுவதே நியாயம். துளசியை அடுக்களைக்குள் வைக்க அத்தை சம்மதிக்கவில்லை. "அது மாடத்துல இருக்க வேண்டியது, தாளிக்கிற இடத்துல என்னத்துக்கு?" என்றார். அதனால்தான் அதன் உறவான திருநீற்றுப்பச்சிலை வந்தது. சர்பத்தில் போடும் சப்ஜா அதன் விதைதான் என்றதும் அத்தை மறுபேச்சின்றி ஒத்துக்கொண்டார்.

19 ஜனவரி 2025, ஞாயிறு

தொட்டிகளை நேற்றிரவு முழுவதும் தண்ணீரில் மூழ்க வைத்தேன். புதுத் தொட்டியை ஊறவைக்காமல் மண் நிரப்பினால், ஊற்றுகிற தண்ணீரைச் செடிக்கு முன்பாகத் தொட்டியே குடித்துவிடும். இனி அவை நன்றாகக் காய்ந்த பிறகே அலங்காரம்.

எந்த வண்ணம் என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. மகளுக்குப் பளபளக்கும் எனாமல் வேண்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்தொட்டியின் சிறப்பே அதன் நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேறி, வேர்ப்பகுதி குளிர்ச்சியாகவும் காற்றோட்டமாகவும் இருப்பதில்தான் உள்ளது. உடல் முழுதும் எனாமல் பூசினால் அது பிளாஸ்டிக் தொட்டியாகிவிடும். அதோடு, உள்ளிருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளிப் பெயர்த்துவிடும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியேற விடும் என்பதால், வாய்ப்பகுதியில் மட்டும் சுண்ணாம்புப் பட்டை, அதன்மேல் காவிக்கோடு, கீழே வெள்ளைப் புள்ளிகள் என்று சமரசமானது.

25 ஜனவரி 2025, சனி

இன்று முழுக்க வண்ண வேலை. நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்துத் துணியில் வடிகட்டினேன். அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் என்பதால் அந்த வேலையை மகளிடம் கொடுக்கவில்லை. காவிக்கோடு அவள் பொறுப்பு. சுண்ணாம்பைப் பூசும்போது சாம்பல் நீர் போலத்தான் தெரிகிறது, இன்னொரு கை பூசலாமா என்று தோன்றுகிறது. பொறுத்திருந்தால் காயக் காய வெள்ளை தானாக மேலெழுந்து வருகிறது. தடிமனாக அப்பினால் செதில் செதிலாக உதிரும். நீர்க்கத் தோய்த்து இரண்டு முறை பூசுவதே நிற்கும்.

மகள் மஞ்சள் நிறமும் வேண்டுமென்று சமையல் மஞ்சள்தூளை ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்போடு கலந்தாள். கலந்த நொடியில் அது ரத்தச் சிவப்பானது. குங்குமம் செய்கிற வழியே அதுதான் என்று அத்தை விளக்க, அவளுக்கு அந்தக் கிண்ணத்தை விட்டு நகர மனமில்லை. ஆனால் மஞ்சள்தூளின் சாயம் வெயிலில் வெளுத்துவிடும். காவியோ இரும்புத் துரு நிறமுள்ள மண், சுண்ணாம்பின் காரத்திலும் வெயிலிலும் மாறாது. கோயில் மதில்களில் வெள்ளையையும் காவியையும் பட்டை பட்டையாக அடித்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு நிறம் தேவைப்படவும் இல்லை.

புள்ளிகளை ஊதுபத்திக் குச்சியின் அடிமுனையால் வைத்தோம். அவற்றுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒரே வரிசைப் புள்ளி என்றால் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். இரண்டு வரிசை என்றால் மேல்மண் காயத் தொடங்கியதும். மூன்று வரிசை என்றால் மண் காயவே விடக் கூடாது. கற்பூரவல்லிக்கு ஒன்று, திருநீற்றுப்பச்சிலைக்கும் வெந்தயத்துக்கும் இரண்டு, கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் மூன்று. எங்கள் வீட்டில் அடுக்களைக்குள் வருகிறவர் எல்லாருமே செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். சதைப்பற்றுள்ள கற்பூரவல்லி தண்ணீர் பஞ்சத்தில் சாவதில்லை, இப்படிப்பட்ட அன்பில்தான் அழுகிச் சாகிறது. சீட்டில் எழுதி ஒட்டினால் தண்ணீர் பட்டுக் கிழியும், புள்ளி கிழியாது.

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

மண் கலவை: செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு, கூடவே ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, மீண்டும் அலசியே சேர்த்தேன்; அதில் தங்கியிருக்கும் உப்பு இளம் வேருக்கு ஆகாது. கற்பூரவல்லிக்கு மட்டும் மணல் கூடுதல். அடியில் கூழாங்கல் பரப்பும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. கல்லுக்கு மேலே உள்ள மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர, நீர் விரைவாக வடியாது. துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும்.

கொத்தமல்லிக்கு அஞ்சறைப் பெட்டியிலிருந்த மல்லியே விதை, வறுக்காததாக இருந்தால் சரி. ஒவ்வொரு உருண்டையிலும் இரண்டு விதைகள் ஒட்டியிருப்பதால், பூரிக்கட்டையை மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து நேரடியாகத் தொட்டியிலேயே விதைத்தேன். ஆணிவேர் உள்ள செடி என்பதால் நாற்றைப் பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும். புதினா, சந்தைக் கட்டில் இலை ஆய்ந்தபின் எஞ்சிய தண்டுதான். சென்ற வாரமே கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்ததில் கணுக்களில் வெள்ளை வேர் விட்டிருக்கிறது. புதினாவுக்குத் தனித் தொட்டிதான் கொடுக்க வேண்டும், அதன் ஓடுதண்டு பக்கத்துச் செடியின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

15 பிப்ரவரி 2025, சனி

வெந்தயம் முந்திக்கொண்டு இரண்டாம் மூன்றாம் நாளே முளைத்து, இப்போது விரல் உயரம் நிற்கிறது. கொத்தமல்லி ஒரு வாரத்துக்கும் மேல் காக்க வைத்துத்தான் தலைகாட்டியது. முதலில் வரும் இரட்டை இலைகள் புல் மாதிரி ஒல்லியாக நீண்டிருப்பதால் களை என்று பிடுங்கப் போன மகளின் கையை அத்தை பிடித்து நிறுத்தினார். விதைத்தோல் ஒன்று இலை நுனியிலேயே தொப்பியாக ஒட்டியிருந்ததைக் காட்டியதும் அவளுக்குப் புரிந்தது. நமக்குத் தெரிந்த வெட்டு வெட்டான மல்லியிலை அடுத்துத்தான் வரும்.

தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் நீரை நாள்தோறும் கொட்டிவிடுகிறோம். டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுவதற்கு அந்த அளவு நீரே போதும்.

9 மார்ச் 2025, ஞாயிறு

வெந்தயத்தை ஒரு முறை அறுத்துச் சப்பாத்தி மாவில் பிசைந்தாயிற்று. புதினாவைக் கணுவுக்கு மேலே கிள்ளக் கிள்ள இரண்டு கிளையாக வெடிக்கிறது. திருநீற்றுப்பச்சிலையின் பூங்கதிரை நான் கிள்ளுகிறேன், சப்ஜா வேண்டும் என்று அத்தை ஒரு கதிரை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

தொட்டிகளின் வெளிப்புறத்தில் ஆங்காங்கே வெள்ளைப் பூப்பு தெரிகிறது. அது சுண்ணாம்பன்று, தண்ணீரிலுள்ள உப்பு ஈரத்தோடு வெளிவந்து படிவது. ஈரத்துணியால் துடைத்தால் போதும், புள்ளிகள் அசையவில்லை. வெயில் ஏறத் தொடங்கிவிட்டதால் கொத்தமல்லி இனி இலையை நிறுத்திக் குச்சியாக உயர்ந்து பூக்கத்தான் பார்க்கும்; இளசாக இருக்கும்போதே அறுத்துவிட்டு, அடுத்த விதைப்பைப் புரட்டாசிக்குப் பிறகு வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

காலியாகும் அந்த இடத்துக்கு அத்தை தூதுவளை கேட்கிறார், ஜன்னல் கம்பியில் ஏற்றிவிடலாம் என்கிறார். கையை நீட்டிப் பறிக்கும் இடத்தில் முள்ளுக்கொடி வேண்டாம் என்பது என் கட்சி. பின்வாசல் தூணோரம் ஒரு பெரிய தொட்டி தருவதாகப் பேசி முடித்திருக்கிறோம்.